ஹிப்பிங் பள்ளியின் சரவிளக்குகளுக்குப் பணம் கொடுத்தது யார்?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஹிப்பிங் என்றொரு சின்ன ஊர். ஜனத்தொகை பதினாறாயிரம்தான். அங்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்கும் பெரிய நாடக அரங்கம் இருக்கிறதாமே? அவ்வளவு சின்ன ஊருக்கு அது எப்படிக் கிடைத்தது? அமெரிக்காவில் எல்லா அரசுப் பள்ளிகளும் அப்படித்தானா? அவற்றை யார் நடத்துகிறார்கள், செலவை யார் ஏற்கிறார்கள்?"

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில், அந்தப் பணம் ஊருக்கு அடியில் இருந்தது என்பதுதான். மற்ற கேள்விகளுக்கும் பதில் அங்கேயிருந்தே கிளைக்கிறது. அதனால் கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் டுலூத் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கேயிருந்து வடமேற்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் ஹிப்பிங். வழியெல்லாம் காடும் சதுப்பும்தான். இந்தப் பகுதிக்கு மெசாபி தொடர் என்று பெயர். ஒஜிப்வே மொழியில் பூதாகாரமான மனிதனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1890-இல் இங்கே இரும்புத் தாது கண்டுபிடிக்கப்பட்டது. தரைக்கு மிக அருகிலேயே, வெட்டி அள்ளி ரயிலில் கொட்டிவிடக்கூடிய அளவுக்குச் செழிப்பான தாது. ஃபிராங்க் ஹிப்பிங் என்ற ஜெர்மானியர் 1893 ஜனவரியில் ஒரு குளிர்காலைப் பொழுதில் கூடாரத்தைவிட்டு வெளியே வந்து, எலும்பெல்லாம் துருப்பிடித்ததுபோல் இருக்கிறது, கீழே இரும்பு இருக்கவேண்டும் என்று சொன்னதாக ஊர்க்கதை. அதே வருடம் ஊர் உருவானது, அவர் பெயரிலேயே.

சுரங்கம் என்றதும் நிலத்தடியில் குடைந்த இருட்டுப் பாதைகள்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஹிப்பிங்கில் பெருமளவில் நடந்தது வேறு. மேல்மண்ணை வழித்துப் போட்டுவிட்டுத் திறந்த குழியாக வெட்டிக்கொண்டே போனார்கள். 1895-இல் தொடங்கிய ஹல்-ரஸ்ட்-மஹோனிங் குழி இன்று மூன்று மைலுக்கும் அதிக நீளம், இரண்டு மைல் அகலம், 535 அடி ஆழம். இரண்டு உலகப் போர்களின் உச்சக்கட்டத்தில் அமெரிக்கா வெட்டியெடுத்த இரும்புத் தாதுவில் நாலில் ஒரு பங்குவரை இந்த ஒரே குழியிலிருந்து போயிருக்கிறது.

குழி வளர வளர ஊரின் விளிம்புக்கே வந்து நின்றது. மேலே வீட்டு மனை மக்களுடையது, அடியில் இருந்த தாது சுரங்க நிறுவனத்துடையது. யு.எஸ். ஸ்டீல் என்ற எஃகு நிறுவனத்தின் துணை நிறுவனமான ஆலிவர் அயர்ன் மைனிங்தான் அங்கே பெரிய கை. கடைசியில் ஊரையே தூக்கி இரண்டு மைல் தெற்கே வைப்பது என்று முடிவானது. 1919-இல் தொடங்கி முதல் கட்டமாக சுமார் 200 கட்டடங்களை மரத்தடிகளின்மேல் ஏற்றி, குதிரைகளாலும் நீராவி இயந்திரங்களாலும் இழுத்துக்கொண்டு போனார்கள். வீடுகள் மட்டும் இல்லை, ஹோட்டல்களும் போயின. செல்லர்ஸ் ஹோட்டல் வழியில் உருளைகளிலிருந்து சரிந்து நொறுங்கிவிட்டது. மற்றவை பெரும்பாலும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. அவை போய்ச் சேர்ந்த இடத்துக்கு அப்போது ஆலிஸ் என்று பெயர். கிரேஹவுண்ட் பேருந்து நிறுவனத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 1914-இல் பிறந்ததே இந்த ஹிப்பிங்குக்கும் ஆலிஸுக்கும் நடுவே சுரங்கத் தொழிலாளர்களை ஆளுக்கு 15 சென்ட் வாங்கிக்கொண்டு ஏற்றிப்போன ஒரு காரில்தான்.

இந்த இடமாற்றத்தின் நடுவே, 1920-க்கும் 1923-க்கும் இடையில் எழுந்ததுதான் நீங்கள் கேட்ட பள்ளி.

செலவு ஏறக்குறைய 39 லட்சம் டாலர். நூறு வருடத்துக்கு முந்தைய டாலர் அது. மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து 'ஈ' போன்ற அமைப்பு. வெளியே பழைய இங்கிலாந்து மாளிகைகளின் பாணியில் செங்கல்லும் கல்லும். உள்ளே பளிங்குப் படிகள், பித்தளைக் கைப்பிடிகள், நீச்சல் குளம். நாடக அரங்கம் நியூயார்க்கின் கேபிட்டல் தியேட்டரை மாதிரியாக வைத்துக் கட்டப்பட்டது, 1,800 இருக்கைகள். அதில் தொங்கும் வெட்டுக் கண்ணாடிச் சரவிளக்குகள் அப்போதுதான் தனி நாடாகியிருந்த செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வந்தவை. 1,900-க்கும் மேற்பட்ட குழல்கள் கொண்ட பார்ட்டன் ஆர்கன் என்ற பெரிய இசைக் கருவி ஒன்றும் அங்கே உண்டு. அந்த அரங்கத்தைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் ஒரு சந்தேகம் வரும்: இது பணக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொண்டதா? இல்லை. அங்கே உட்கார்ந்தது ஃபின்லாந்து, ஸ்லோவேனியா, குரோவேஷியா, இத்தாலி, செர்பியா என்று எங்கெங்கிருந்தோ கப்பலேறி வந்து மண்வெட்டி பிடித்தவர்களின் பிள்ளைகள். பலர் வீட்டில் ஆங்கிலமே கிடையாது. பள்ளி நூலகத்தில் டேவிட் வொர்க்மன் வரைந்த பெரிய சுவரோவியம் இருக்கிறது. அதில் வரையப்பட்டிருப்பவர்கள் அந்தத் தொழிலாளர்கள்தான். அவர்கள் பிள்ளைகள் படிக்கும் அறையில், புத்தகங்களுக்கு மேலே, வேலை செய்துகொண்டிருக்கிற அப்பாக்கள். எனக்குச் சரவிளக்குகளைவிட இந்தப் படம்தான் முக்கியமாகப் படுகிறது.

சரி, பணத்துக்கு வருவோம். ஊரைக் காலி செய்யச் சொன்ன நிறுவனம் மனமிரங்கிக் கொடுத்த பரிசு அந்தப் பள்ளி என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பாதி உண்மைகூட இல்லை. புதிய கடைத்தெருவுக்கு நிறுவனம் கைகொடுத்தது, வியாபாரிகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்க வழிசெய்தது, அதெல்லாம் நடந்ததுதான். ஆனால் பள்ளிக்குப் போனது வரிப்பணம். மின்னசோட்டாவில் இன்னும் வெட்டியெடுக்கப்படாமல் மண்ணுக்குள் கிடக்கும் தாதுவையே சொத்தாக மதிப்பிட்டுச் சொத்து வரி போடுவார்கள். சுரங்கங்கள் ஊர் எல்லைக்குள்ளும் பள்ளி எல்லைக்குள்ளும் இருந்தன. அதாவது வரி கட்டுவதில் மிகப் பெரும்பங்கு நிறுவனத்துடையது, எவ்வளவு வரி என்று தீர்மானிக்கும் ஓட்டு தொழிலாளர்களுடையது.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு துணிந்து இறங்கியவர் விக்டர் பவர் என்ற வழக்கறிஞர். 1913-இல் ஹிப்பிங்கின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் காலத்தில் ஊருக்குத் தெருவிளக்கு, நடைபாதை, தண்ணீர் எல்லாம் தாராளமாக வந்தன. நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. நீதிமன்றம் போனார்கள், இத்தனை பேருக்கு இவ்வளவுக்குமேல் ஊர் செலவு செய்யக்கூடாது என்று மாநிலச் சட்டமன்றத்தில் உச்சவரம்பு கேட்டார்கள். ஊதாரித்தனம் என்ற பேச்சும் எழுந்தது. அதற்கு அந்தச் சுரங்கப் பகுதி மக்கள் பக்கமிருந்து ஒரு நியாயம் இருந்தது, அது இன்றைக்கும் எனக்குச் சரியாகவே தோன்றுகிறது. நெல் அறுத்தால் அடுத்த போகம் விளையும், மரம் வெட்டினால் ஐம்பது வருடத்தில் இன்னொன்று நிற்கும். இரும்பு ஒரே ஒரு தடவை விளைந்த வெள்ளாமை. ரயிலேறிப் போனால் போனதுதான். போகிற பாதையில் அதிலிருந்து பிடித்து வைப்பது மட்டும்தான் ஊருக்கு மிச்சம். அந்த மிச்சத்தைப் பிள்ளைகளின் படிப்பில் போட்டார்கள்.

பகலில் பிள்ளைகள், ராத்திரியில் பெற்றோர். அந்தப் பகுதிப் பள்ளிகளில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இரவு வகுப்புகள் நடந்தன. ஆங்கிலமும், குடியுரிமை பெறுவதற்கான பாடமும் சொல்லித்தந்தார்கள். இதில் நிறுவனங்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு கவலை இருந்ததை மறைக்கவேண்டியதில்லை. 1907-இலும் 1916-இலும் அங்கே பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்திருந்தன. 1907-க்குப் பிறகு ஃபின்லாந்துக்காரர்கள் பலரைக் கறுப்புப் பட்டியலில் போட்டு வேலை கொடுக்காமல் விரட்டினார்கள். இவர்களைச் சீக்கிரம் 'அமெரிக்கர்' ஆக்கிவிட்டால் கலகம் குறையும் என்பது ஒரு தரப்பின் கணக்கு. அந்த வகுப்பில் உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றவர்கள் அந்தக் கணக்குக்குள் அடங்கியிருக்கவில்லை. குடியுரிமை வாங்கினார்கள், ஓட்டுப் போட்டார்கள், வரி போடும் ஆட்களையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்.

பள்ளியில் படித்தவர்களில் உலகம் அறிந்த பெயர் பாடகர் பாப் டிலன். அப்போது ராபர்ட் சிம்மர்மன், 1959-இல் படித்து முடித்தார். அந்த அரங்க மேடையில் மாணவராக இருந்தபோதே பாடியிருக்கிறார், சத்தம் தாங்காமல் தலைமையாசிரியர் ஒலிபெருக்கியைத் துண்டித்த கதையும் பிரசித்தம். 2016-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு. பாஸ்டன் செல்ட்டிக்ஸ் கூடைப்பந்து அணியின் கெவின் மெக்ஹேல் 1976-இல் அங்கே முடித்தவர். அவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் பள்ளிக்கே திரும்புகிறேன்.

அமெரிக்காவில் எல்லா அரசுப் பள்ளிகளும் இப்படியா என்ற கேள்விக்கு முன்னால், அங்கே 'அரசு' என்றால் யார் என்பதைப் பார்க்கவேண்டும். நம் ஊரில் மாநிலக் கல்வித் துறை ஆசிரியரை நியமிக்கும், இடமாற்றும். அங்கே அப்படி இல்லை. பள்ளிகளை நடத்துவது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். பெயரில் மாவட்டம் என்று இருந்தாலும் அது நம் மாவட்டம் இல்லை, ஓர் ஊரோ சில ஊர்களோ சேர்ந்த பள்ளி எல்லை. நாடு முழுக்க 13,000-க்கும் மேல் இருக்கின்றன. ஹிப்பிங்கினுடையது 701-ஆம் எண். பெரும்பாலான இடங்களில் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு பள்ளி வாரியம் இருக்கும். உறுப்பினர்கள் பல் டாக்டர், விவசாயி, ஓய்வுபெற்ற ஆசிரியை, கடைக்காரர் என்று ஊர்க்காரர்களேதான். பள்ளிகளின் அன்றாட நிர்வாகத்தைப் பார்க்க அவர்கள் ஒரு சூப்பரின்டெண்டென்ட்டை வேலைக்கு வைப்பார்கள். ஆசிரியர்களோடு சம்பள ஒப்பந்தம் போடுவது, புதிய கொதிகலன் வாங்குவது, எந்தப் பள்ளியை மூடுவது, பனி கொட்டும் நாளில் விடுமுறையை எப்படி ஈடுகட்டுவது எல்லாம் அந்த மேசையில்தான் முடிவாகும். கூட்டம் பொதுவில் நடக்கும், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பெற்றோர் ஒருவர் எழுந்து நின்று பேருந்து தடத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவதையும், வாரியத் தலைவர் பொறுமையாகக் குறித்துக்கொள்வதையும் நான் பார்த்திருக்கிறேன். மக்களாட்சி என்ற சொல்லுக்கு நான் நேரில் கண்ட மிகச் சின்ன, மிக உயிருள்ள உருவம் அதுதான்.

இதன் மறுபக்கம் பணம். டிஸ்ட்ரிக்ட்டுக்கு மத்திய அரசிலிருந்து வருவது வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். மீதியை மாநிலமும் ஊரும் பகிர்ந்துகொள்கின்றன. ஊரின் பங்கு பெரும்பாலும் சொத்து வரி. அப்படியானால் விலையுயர்ந்த வீடுகளும் தொழிற்சாலைகளும் இருக்கும் எல்லைக்குள் பள்ளி செழிக்கும், ஏழை எல்லைக்குள் காயும். ஹிப்பிங்கின் கதையை அழகான கதை என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் தப்பு என்று நான் நினைப்பது இதனால்தான். அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது நியாயமானது. ஆனால் காலுக்கடியில் இரும்பு இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு?

டெக்சஸில் இதைக் கேட்டார்கள். சான் அன்டோனியோ நகரத்தில் எட்ஜ்வுட் என்ற டிஸ்ட்ரிக்ட், பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். பள்ளிக் கட்டடங்கள் சிதைந்து கிடந்தன. டெமெட்ரியோ ரோட்ரிகஸும் மற்ற பெற்றோர்களும் 1968-இல் வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றத்தில் வந்த கணக்கு மனதை உறுத்துவது. எட்ஜ்வுட்டில் மக்கள் நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள், எல்லாப் பணமும் சேர்ந்து ஒரு மாணவருக்கு 356 டாலர் கிடைத்தது. அதே நகரத்தில் பணக்காரப் பகுதியான அலமோ ஹைட்ஸில் 0.85 டாலர்தான் வரி, ஒரு மாணவருக்குக் கிடைத்தது 594 டாலர். அதிகம் கட்டுகிறவருக்குக் குறைவு, குறைவாகக் கட்டுகிறவருக்கு அதிகம். 1973-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று பெற்றோருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது: கல்வி அமெரிக்க அரசியல் சாசனம் உறுதிசெய்யும் அடிப்படை உரிமைகளில் வராது, இந்த ஏற்றத்தாழ்வை மாநிலங்கள்தான் சரிசெய்துகொள்ளவேண்டும். அதை ஏற்காத நாலு நீதிபதிகளில் ஒருவரான துர்குட் மார்ஷல் கடுமையான மாற்றுத் தீர்ப்பு எழுதினார். அன்றிலிருந்து இந்தச் சண்டை ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாக நடக்கிறது.

அமெரிக்காவுக்கு வரும் நம் தமிழ்க் குடும்பங்கள் வீடு பார்க்கும்போது சமையலறையைப் பார்ப்பதற்கு முன்பே 'ஸ்கூல் ரேட்டிங் எவ்வளவு' என்று கேட்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது. நல்ல பள்ளி எல்லைக்குள் வீடு வாங்கப் போட்டி, அதனால் வீட்டு விலை ஏறும், அதனால் வரி வருமானம் ஏறும், அதனால் பள்ளி இன்னும் நல்லதாகும். அந்தச் சக்கரத்துக்குள் நுழைய முடிந்தவர்களுக்குச் சௌகரியம். முடியாதவர்களின் பிள்ளைகளை அது வெளியே நிறுத்திவிடுகிறது. இதை வீடு வாங்கும் நேரத்திலாவது நாம் நினைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

மின்னசோட்டா அந்த விஷயத்தில் பல மாநிலங்களுக்கு முன்னால் போனது. 1971-இல் ஆளுநர் வெண்டல் ஆண்டர்சன் காலத்தில், நீண்ட இழுபறிக்குப் பிறகு, மாநில வரிகளை ஏற்றிப் பள்ளிச் செலவில் பெரும்பங்கை மாநிலமே ஏற்றுக்கொண்டது. 'மின்னசோட்டா அதிசயம்' என்று அதற்குப் பெயர். 1973-இல் டைம் பத்திரிகை ஆண்டர்சனை அட்டையில் போட்டது, கையில் மீனோடு. 2001-இல் அடிப்படைப் பள்ளிச் செலவுக்கான உள்ளூர் சொத்து வரியை இன்னும் விலக்கினார்கள். இன்று மாநிலம் ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. அது போதாதென்றால் டிஸ்ட்ரிக்ட் நவம்பர் தேர்தலில் ஊர் மக்களிடமே கேட்கவேண்டும், கூடுதல் வரிக்குச் சம்மதமா என்று. பள்ளிக்காக ஓட்டுக் கேட்டு வீட்டு வாசல்களில் 'யெஸ்' அட்டைகள் முளைப்பதை அந்த மாதங்களில் பார்க்கலாம். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட ஓய்வூதியக்காரர் நிறைந்த சின்ன ஊர்களில் இந்த ஓட்டு சுலபமாகக் கிடைக்காது.

இரும்புக்கும் பள்ளிக்கும் உள்ள இன்னொரு தொடர்பைச் சொல்லியாகவேண்டும், பலருக்குத் தெரியாத ஒன்று. அமெரிக்கா தன் மேற்கு நிலங்களைச் சதுரம் சதுரமாக அளந்தபோது, 1785 சட்டத்தின்படி ஒவ்வொரு 36 சதுர மைல் கட்டத்தையும் 36 சதுரங்களாகப் பிரித்து, அதில் 16-ஆம் சதுரத்தைப் பள்ளிக்கென்று ஒதுக்கினார்கள். 1858-இல் மாநிலமான மின்னசோட்டாவுக்கு 16-உம் 36-உம் இரண்டும் கிடைத்தன. அப்போது யாருக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பிற்பாடு அந்தப் பள்ளி நிலங்களில் சில மெசாபி தாதுவின்மேல் இருப்பது தெரியவந்தது. அங்கே வெட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் வரும் உரிமைத்தொகை ஒரு நிரந்தர நிதியில் சேர்கிறது, அதன் வருமானம் மாநிலத்தின் எல்லாப் பள்ளி டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கும் மாணவர் எண்ணிக்கைப்படி பிரிகிறது. சுரங்கத்தையே கண்ணால் பார்த்திராத தெற்கு மின்னசோட்டாச் சோளக்காட்டுப் பள்ளிக்கும் அதில் பங்கு போகிறது. ஹிப்பிங்கின் சொத்து வரி ஊருக்குள் தங்கியது. இது வெளியே பரவியது. கேட்டால் நான் இந்த இரண்டாவது வழிக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

இரண்டாம் உலகப் போரோடு ஹிப்பிங்கின் செழிப்பான தாது தீர்ந்துபோகத் தொடங்கியது. அதன்பின் டேக்கனைட் என்ற கடினமான, இரும்பு குறைந்த பாறையை அரைத்து, காந்தத்தால் பிரித்து, குண்டுமணிபோல் உருட்டிச் சுட்டு அனுப்பும் முறை வந்தது. மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் நடந்த ஆராய்ச்சியின் பலன் அது. ஹிப்பிங் டேக்கனைட் ஆலை 1976-இல் உற்பத்தி தொடங்கியது. இதற்குச் சொத்து வரிக்குப் பதிலாக டன் கணக்கில் உற்பத்தி வரி, அதில் ஒரு பகுதி இன்றும் அந்தப் பகுதி ஊர்களுக்கும் பள்ளிகளுக்கும் வருகிறது. ஆனால் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க எஃகுத் தொழில் சரிந்தபோது ஊரும் சரிந்தது. 1980-இல் 21,000 பேருக்கும் மேல் இருந்த ஊர், 2020 கணக்கெடுப்பில் 16,214 ஆகிவிட்டது.

பிள்ளைகள் குறைந்தால் மாநிலம் தரும் பணமும் குறையும், தலைக்கு இவ்வளவு என்பதுதானே கணக்கு. கட்டடமோ அதே கட்டடம். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது பாகைவரை போகும் ஊரில் அவ்வளவு பெரிய கூடங்களைச் சூடாக வைத்திருக்கவேண்டும், நூறு வருடத்துக் கூரையைப் பழுதுபார்க்கவேண்டும், ஆர்கனின் குழல்களைப் பராமரிக்கவேண்டும். இதற்குப் பதில் ஊருக்கு வெளியே தகரக் கூரையோடு தட்டையான புதுக் கட்டடம் ஒன்றைக் கட்டிக்கொண்டு போய்விடலாம், பல ஊர்கள் அதைத்தான் செய்தன. ஹிப்பிங் விடவில்லை. 1980-இல் அந்தக் கட்டடம் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. அதற்குப் பிறகும் அது அருங்காட்சியகம் ஆகாமல் பள்ளியாகவே நடக்கிறது. ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை பிள்ளைகள் அதே படிகளில் ஏறி இறங்குகிறார்கள்.

அவர்களுடைய நாள் எப்படி இருக்கும் என்று சொன்னால் உங்கள் கேள்வியின் மிச்சமும் தீரும். காலையில் இருட்டோடு மஞ்சள் பேருந்து. பள்ளிக் கட்டணம் கிடையாது; 2023-இல் வந்த சட்டத்தால் மின்னசோட்டாவில் காலை, மதியச் சாப்பாடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம், வருமானம் கேட்பதில்லை. வகுப்பறையில் ஆசிரியர் இருப்பார், மாணவர்கள்தான் மணியடித்ததும் அறை மாறிப் போவார்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரின் கால அட்டவணை ஒன்றாக இருக்காது. ஒருவர் கால்குலஸ் எடுப்பார், இன்னொருவர் வெல்டிங் எடுப்பார், இரண்டுக்கும் கிரெடிட் உண்டு, அதாவது முடித்த பாடத்துக்குச் சேரும் புள்ளி. பள்ளிப் படிப்பை முடிக்க மாநிலம் கேட்பது 21.5 கிரெடிட், அதில் ஏழு மாணவர் விருப்பத்துக்கு. கடைசியில் ஒரே பொதுத் தேர்வில் வாழ்க்கையை அடகுவைக்கும் ஏற்பாடு இல்லை. நாலு வருட மதிப்பெண்ணும் சேர்ந்துதான் சான்றிதழ். பலவீனமும் உண்டு: கணக்கிலோ அறிவியலிலோ மேல்நிலைப் பாடம் எடுக்க ஆசிரியர் கிடைக்காமல் சின்ன ஊர்ப் பள்ளிகள் திண்டாடும்.

அதற்கு மின்னசோட்டா 1985-இல் ஒரு வழி கண்டுபிடித்தது, நாட்டிலேயே முதலாவதாக. பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடங்களை இலவசமாக எடுக்கலாம், மாணவருக்கான பணம் அந்த அளவுக்குக் கல்லூரிக்குப் போய்விடும். ஹிப்பிங்கில் இதற்கு ஒரு பொருத்தம் இருக்கிறது. 1916-இல், இரண்டு வருடக் கல்லூரி ஒன்றை அந்த ஊர்ப் பள்ளி நிர்வாகமே தொடங்கியது. தொழிலாளியின் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்போடு நிற்காமல் உள்ளூரிலேயே மேலே படிக்கட்டும் என்று. அந்தக் கல்லூரி இன்று மின்னசோட்டா நார்த் கல்லூரியின் ஒரு வளாகம்.

மாலையில் ஐஸ் ஹாக்கி. வடக்கு மின்னசோட்டாவில் பள்ளிக்கு ஊர் காட்டும் அன்பெல்லாம் அந்தப் பனித்தளத்தில் தெரியும். பக்கத்து ஊரான எவெலெத் பள்ளி 1948-இலிருந்து 1951 வரை தொடர்ந்து நாலு வருடம் மாநிலக் கோப்பையை வென்றது. 1952-இல் அதை நிறுத்திக் கோப்பையைத் தூக்கியது ஹிப்பிங். மறுபடி 1973-இலும் வென்றது. அப்புறம் இலையுதிர் காலத்தில் பழைய மாணவர்கள் கூடும் ஹோம்கமிங், வசந்தத்தில் அரங்கத்தில் இசை நிகழ்ச்சி, ஜூன் பிறக்கும்போது பட்டமளிப்பு.

பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். நடந்துகொண்டிருக்கும் பள்ளி அது, நினைத்த நேரத்தில் உள்ளே நுழைய விடமாட்டார்கள். முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். போவதற்கு முன் ஊருக்கு வடக்கே குழியின் கரைக்குப் போய் நில்லுங்கள். பக்கத்தில் பழைய ஹிப்பிங் இருந்த இடத்தில் வீடுகளே இல்லாத தெருக்களும், புல்லுக்குள் மறையும் நடைபாதைகளும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அங்கேயிருந்து இரண்டு மைல் தெற்கே வந்தால் பள்ளி.